வொய்ஸ் வேண்டாம், எழுதுங்கோ

யாழ்ப்பாணம் குருநகரில், பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை என்றால் தாய்மார் சட்டைக்கு லவீனாவிடம்தான் போவார்கள். எல்லாரும் தைக்கிற அதே வெள்ளைச் சட்டைதான். ஆனால் லவீனா தைத்ததைப் போட்டுக்கொண்டு பிள்ளை கோயில் நடுவாலே நடந்து போனால் கழுத்தடியில் ஒரு சுருக்கம் இராது. கையைக் கூப்பினால் தோள்மூட்டு இழுக்காது.

அவளுக்குக் காது கேளாது. பிறவியில் வந்ததில்லை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, ஏழு வயதில், காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, கேள்வி போய்விட்டது. அதற்கு முன்னமே எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தாள், சாமான் சுற்றி வந்த பேப்பரைக்கூட. பேச்சுத்தான் வருடம் போகப் போக உருமாறி, வீட்டாருக்கு மட்டும் விளங்கும் ஒன்றாகிவிட்டது. வீட்டார் என்றால் இரண்டு பேர். கடலுக்குப் போகும் அண்ணன் பிரகாஸ், அவன் மனைவி சிசிலியா. தைக்கக் கொடுக்க வருபவர்கள் சிசிலியாவோடு கதைப்பார்கள். லவீனா அளவு நாடாவோடு பக்கத்தில் நிற்பாள்.

முப்பத்தைந்து வயதில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. குருநகரில் எத்தனை பிள்ளைகள் இருக்கும்? இரண்டு மாதம் மெசின் ஓயாமல் ஓடும், மிச்ச மாதமெல்லாம் துணி போர்த்தியிருக்கும். மன்னாரிலும் சிலாபத்திலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகள் முதல்நன்மை எடுக்கிறார்கள்தானே? அந்தச் சமயம் நல்லூரில் ஒரு டியூசன் சென்ரரில், சுயதொழில் செய்யும் பெண்களுக்கு இணைய வியாபாரம் பற்றி இரண்டு நாள் வகுப்பு என்று நோட்டீஸ் ஒன்று வந்தது.

"நானும் கூட வாறன். இல்லாட்டி உனக்கு ஆர் சொல்லித் தாறது?" என்றாள் சிசிலியா.

லவீனா தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

வகுப்பெடுத்த ஆரணி இருபத்தாறு வயதுப் பெண். கெட்டிக்காரி, ஆனால் பலகையைப் பார்த்துக்கொண்டே வேகமாகக் கதைத்தாள். உதட்டைப் பார்த்தால்தான் லவீனாவுக்கு எதுவும் விளங்கும். அரைமணித்தியாலம் அந்தப் பெண்ணின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, எல்லாரும் பார்க்க நடந்துபோய் மேசையில் வைத்தாள். "எனக்குக் காது கேளாது. என்ரை பக்கம் திரும்பிக் கதையுங்கோ."

ஆரணியின் முகம் சிவந்துவிட்டது. "சொறி அக்கா, சொறி," என்றாள், இந்தமுறை நேரே திரும்பி. அதன்பிறகு ஒவ்வொரு விசயத்தையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். உலகத்துக் கம்பியூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று தொடுத்து வைத்திருப்பதுதான் இணையம்; அதன் மேலே நாங்கள் திறந்து பார்க்கும் பக்கங்கள்தான் வலை. ஒன்று ரோட்டு, மற்றது ரோட்டோரக் கடைகள். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நாலு பக்கத்தாலும் எடுங்கள். துணி என்ன, எத்தனை நாளில் வரும், பிழையென்றால் திருப்பி எடுப்பீர்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியாக எழுதியதை லவீனா தன் கொப்பியில் பெரிய எழுத்தில் இறக்கிக்கொண்டாள்: "கடையில் உங்கள் முகத்தைப் பார்த்து நம்புவார்கள். இங்கே நீங்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் நம்புவார்கள்."

வீட்டுக்கு வந்து அந்தக் கொப்பியை அண்ணனுக்குக் காட்டினாள். கண்டத்துக்குக் கண்டம் கேபிள் கடலுக்கு அடியால் போகிறது என்ற இடத்தில் பிரகாஸ் நின்றுவிட்டான்.

"கடலுக்குக் கீழாலையோ? அப்ப நங்கூரம் போடேக்கை பாத்துத்தான் போடவேணும்," என்றான்.

பேஸ்புக்கில் பக்கம் திறந்தாயிற்று. வட்சப் நம்பர் கொடுத்தாயிற்று. முதல் சட்டை சிலாபத்துக்குப் போனது, இரண்டாவது வவுனியாவுக்கு. கூரியர்காரன் வாசலில் வந்து மணியை அடித்தால் சிசிலியா எட்டிப் பார்ப்பாள். எழுதிக் கேட்பவர்களோடு லவீனாவுக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. தோள் அகலம் என்ன, இடுப்பு எங்கே வரவேண்டும், லேஸ் தடிப்போ மெல்லிசோ என்று விரல் பறக்கும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவள் மற்ற எல்லாரையும் போல ஒருத்தி. காது கேளாது என்பதை அவள் எவருக்கும் எழுதவில்லை. எழுத மனமும் வரவில்லை. எழுதாமல் வாயால் பேசிப் பதிந்த வொய்ஸ் வந்தால் மட்டும் சிசிலியா கேட்டுக் கொப்பியில் எழுதிக் கொடுப்பாள்.

மூன்றாம் மாதம், சிசிலியாவின் தாய் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். சிசிலியா அங்கேயே நின்றாள். அந்தக் கிழமையில்தான் மன்னாரிலிருந்து யோசப்பின் என்ற பெண் மகளுக்குச் சட்டை கேட்டாள். அளவெல்லாம் எழுதியிருந்தாள். பிள்ளைக்கு எட்டு வயது, பெயர் மெரிஷா. எல்லாம் எழுதி முடிந்தபிறகு ஒரு வொய்ஸ் வந்தது. ஒரு நிமிடமும் இருபது செக்கனும்.

பிரகாஸ் கடலில். பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம்தான், வெட்கமாக இருந்தது. லவீனா அதை அழுத்திவிட்டுப் போனை நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். எழுதிய அளவைத்தான் வாயாலும் சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "சரி அக்கா" என்று எழுதி அனுப்பினாள்.

சட்டை மன்னாருக்குப் போன மூன்றாம் நாள் பக்கத்தின் கீழே எல்லாரும் பார்க்க ஒரு குறிப்பு விழுந்தது. "வாயாலை சொன்னதையும் கேக்காமல் தைச்சு அனுப்பியிருக்கினம். ஆறுதரம் போன் எடுத்தும் எடுக்கேல்லை. ஏமாத்துக்காறர். ஒருத்தரும் வாங்காதேங்கோ." பின்னேரத்துக்குள் இரண்டு பேர் தங்கள் ஓடரை வேண்டாம் என்றார்கள்.

சிசிலியா ஆஸ்பத்திரியால் வந்து உடுப்புக்கூட மாற்றாமல் அந்த வொய்ஸைக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. பேனையை எடுத்துக் கொப்பியில் எழுதினாள்: "பிள்ளைக்கு இடதுகை முழங்கைக்குக் கொஞ்சம் கீழை முடிஞ்சுபோம். பிறவியிலை. எழுத எனக்குக் கை வருகுதில்லை தங்கச்சி, அதான் வாயாலை சொல்லுறன். கை நீளமா வைச்சு, இடதுகை வெறுமையாத் தொங்காமல், ஆக்களுக்குத் தெரியாத மாதிரித் தைச்சுத் தாங்கோ."

லவீனா அதை இரண்டுதரம் வாசித்தாள். இரண்டு கையும் ஒரே நீளத்தில், மணிக்கட்டில் முத்து வைத்துத் தைத்திருந்தாள். இடதுகை வெறுமையாகத் தொங்கியிருக்கும். அந்தத் தாய் பெட்டியைத் திறந்து பார்த்த கணம் அவள் கண்ணுக்குள் வந்தது. மெசினில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சிசிலியா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து எழுதினாள். "அக்கா, எனக்குக் காது கேளாது. ஏழு வயசிலை போனது. உங்கடை வொய்ஸை நான் கேக்கேல்லை. கேட்டுச் சொல்லுற மச்சாள் அண்டைக்கு வீட்டிலை இல்லை. கேக்காததை உங்களுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, சரி எண்டு எழுதிப்போட்டன். பிழை என்ரைதான். சட்டையைத் திருப்பி அனுப்புங்கோ, புதுசு தைச்சுத் தாறன். அதுக்கு ஒண்டும் வேண்டாம்."

அன்று முழுக்க மன்னாரிலிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்தநாள் மத்தியானம் வந்தது, நீளமாக. யோசப்பின் எழுதியிருந்தாள். மகளின் கையைப் பற்றித் தான் எழுதுவது இதுதான் முதல்தரம் என்று தொடங்கியிருந்தாள். பிறந்த அன்று தாதி துணியை விலக்கிக் காட்டியது, கோயிலில் சனம் திரும்பிப் பார்ப்பது, அந்தக் கை தெரியாமல் எப்போதும் பிள்ளையைத் தன் வலப்பக்கமாகவே நடக்கவிடுவது, எல்லாம். முடிவில், "நானும் எல்லாத்தையும் மறைச்சுத்தான் திரியிறன், தங்கச்சி. உங்களிலை எனக்குக் கோவமில்லை," என்று இருந்தது.

லவீனா ஒன்றே ஒன்று கேட்டாள். "மெரிஷாவுக்கு எப்பிடிச் சட்டை வேணுமாம்? அவவைக் கேட்டனீங்களோ?"

கேட்டதில்லை என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில், எழுத்துப் பிழையோடு பிள்ளையே எழுதினாள். "அன்ரி எனக்கு கட்டக்கை சட்டை வேணும். நான் சின்ன கையாலதான் மெழுகுதிரி பிடிக்கிறனான். மடிச்சு பிடிச்சா விழாது. நீட்டு கை எண்டா நெருப்பு பிடிச்சிடும்."

லவீனா சிரித்துவிட்டாள். அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு, சமைத்துக்கொண்டிருந்த சிசிலியா குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

புதுச் சட்டைக்கு இரண்டு கையும் முழங்கைக்கு மேலே நின்றன, மணிபோல விரிந்து, ஓரத்தில் மெல்லிய லேஸோடு. முதல்நன்மை அன்று காலை யோசப்பின் வீடியோ கோல் எடுத்தாள். மெரிஷா கோயில் முற்றத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பிறகு சின்னக் கையை மடித்து, அந்த மடிப்புக்குள் மெழுகுதிரியை வைத்து, அசையாமல் நின்றாள். லவீனா போனுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள்.

யோசப்பின் தன் பழைய குறிப்பை அழித்துவிட்டு, மகளின் படத்தைப் போட்டாள். கையை வெட்டாமல், முழுப் படம். லவீனாவும் தன் பக்கத்தின் உச்சியில் எழுதி வைத்தாள்: "எனக்குக் காது கேளாது. வொய்ஸ் வேண்டாம், எழுதுங்கோ." சனம் விட்டுப் போய்விடும் என்று சிசிலியா பயந்தாள். சிலர் போனதும் உண்மை. ஆனால் மற்றவர்கள் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தார்கள். மட்டக்களப்பில் ஒரு தகப்பன், தன் மகளுக்கும் காது கேளாது, அவளே உங்களோடு எழுதிக் கதைக்கட்டும் என்று கேட்டிருந்தார்.

இப்போது வருடத்தில் எட்டு மாதம் மெசின் ஓடுகிறது. மன்னார்க்காரியோடு வியாபாரம் முடிந்து எவ்வளவோ காலம், எழுத்து முடியவில்லை. மத்தியானம் உலையை இறக்கிவிட்டு வந்தால் போன் மினுங்கும்.

"இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டிருப்பாள் யோசப்பின்.

"நண்டு. அண்ணை கொண்டுவந்தவர். அங்கை?"

"இஞ்சை பருப்புத்தான். மெரிஷா கோவிச்சுக்கொண்டு வாயைத் திறக்கிறாள் இல்லை."

லவீனா கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக இருந்துகொண்டு, பிள்ளைக்கு என்ன கோபமாம் என்று எழுதத் தொடங்குவாள்.