வெங்காயக் களத்தில் தேறிய கதைகள்

என் அம்மா பஞ்சவர்ணம் சென்ற தை மாதம் இறந்தாள். குரும்பலூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுவோம். அம்மா பத்தாவது வரை படித்தவள். அவளுடைய சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவள் எப்படி எழுதினாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, உலை வைக்கும் முன் எழுத உட்காருவாள். மனசு சரியில்லாத நாளிலும் உட்காருவாள். "எனக்கு மனசு நல்லாருக்கான்னு பாத்துட்டா மாடு கத்துது?" என்பாள்.

எழுதியதை அப்படியே அனுப்பமாட்டாள். பறித்த வெங்காயத்தைக் களத்தில் கொட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய்ந்த தாளை அறுப்பார்கள். அம்மாவும் அறுத்துக்கொண்டே தன் கதையைச் சொல்வாள். அப்போது முகங்களைப் பார்க்கமாட்டாள், கைகளைப் பார்ப்பாள். முகம் மரியாதைக்குச் சிரிக்கும். கை அப்படியில்லை, கதை பிடித்த இடத்தில் தானாக நிற்கும். எந்த இடத்தில் எல்லாக் கைகளும் தம் பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தனவோ, அந்த இடத்தை மறுநாள் அடித்துவிடுவாள்.

அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் இயந்திரங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அங்கேயும் அம்மாவுடையதைவிட நேர்மையான சோதனையை நான் பார்த்ததில்லை.

கடைசிக் கதைக்கு மட்டும், அனுப்பும் முன் அது நடக்கவில்லை. அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எழுதி முடித்தாள். நான் தட்டச்சு செய்து அனுப்பினேன். பொங்கல் இதழில் போடுவதாக ஆசிரியர் சொன்னார். அவள் அதை அச்சில் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வீடு திரும்பியதும் அம்மா களத்துக்குப் போகணும் என்றாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது, நான்தான் படித்தேன். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு ஒரு பெண் துணிமணியைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். வழியில், விட்டுவந்த கைக்குழந்தை நினைவுக்கு வந்து, துறையூரில் இறங்கித் திரும்பிவிடுகிறாள்.

ஒரு கையும் நிற்கவில்லை.

பக்கத்து வயல் சசிகலா அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, துணிமணியெல்லாம் பாத்துப் பாத்து எடுத்து வச்சவ, புள்ளைய வுட்டுட்டா பஸ் ஏறுவா?"

"இடுப்புல தூக்கிட்டுல்ல போயிருப்பா!" என்றார் ஜெயசுதா அத்தை. "முடிவ நீ எழுதிச் சேத்துட்டியா தம்பி? பஞ்சவர்ணம் இப்புடி எழுதமாட்டாளே!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். இருமல் வந்துவிட்டது. அடங்கியதும், "பரணி, அந்தக் கதைய நிறுத்தச் சொல்லு" என்றாள்.

ஆசிரியருக்குப் போன் செய்தேன். இப்போது எடுத்தால் சித்திரை இதழில்தான் இடம் என்றார்.

"சித்திரையில வரட்டும்" என்றாள் அம்மா.

"அதுக்குள்ள..." என்றேன்.

"தெரியும்டா. அதுக்காகத் தப்பாவா வரணும்? பேனாவ எடு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சில நாள் ஒரு வாக்கியம்தான் வரும். அதையும் மறுநாள் மாற்றச் சொல்வாள். புதிய முடிவில் அந்தப் பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு துறையூரைத் தாண்டிப் போகிறாள். எங்கே போகிறாள் என்று அம்மா எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கதை முடிந்த வாரத்திலேயே அம்மா போய்விட்டாள்.

இதழ் அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் பேசினார். அம்மா இறந்துபோனதைக் கதைக்கு மேலே ஒரு குறிப்பாகப் போடட்டுமா என்று கேட்டார். பரிதாபத்தோடு யாரும் அதைப் படிக்க ஆரம்பிக்க வேண்டாம் என்று தோன்றியது.

"பேர் மட்டும் போடுங்க சார்" என்றேன்.