ஏகாம்பரம் சார் எழுதிய பெயர்

செய்தி வந்தபோது நான் சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்கு வரும் பேருந்தில் இருந்தேன். சுகாதார நிலையத்தில் எங்களோடு மருந்தாளுநராக இருந்த குமரன், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேருந்து இரைச்சலில் முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டேன்.

"மேடம், நம்ம ஏகாம்பரம் சார் தவறிட்டாரு. ரூம்லயே. ஹார்ட்டுன்னு சொல்றாங்க. காலைலதான் பாத்திருக்காங்க."

பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, யாரு?" என்றார்.

"கூட வேல செஞ்சவருங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் உறவுப் பெயர் எதுவும் இல்லை.

ஆரணியில் ஒரு மாடி அறையில் அவர் வாடகைக்கு இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டுக்காரர்களின் தண்ணீர் மோட்டாரைத் தினமும் விடியற்காலையில் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது அவர்தான். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, அவராக எடுத்துக்கொண்ட வேலை. அன்று காலை குழாயில் தண்ணீர் வராததால்தான் கீழே இருந்தவர்கள் மேலே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் சார் சுகாதார ஆய்வாளர். குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் கலக்கச் செய்வது, காய்ச்சல் வந்த வீடுகளைக் கணக்கெடுப்பது, கொசுப்புழு தேடுவது அவர் வேலை. நான் அதே நிலையத்தில் ஆய்வக நுட்பனர். அவர் புட்டியில் கொண்டுவருவதை நான் சோதித்துச் சொல்வேன். இருபத்திரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்த பிறகு அந்த வேலைக்கு வந்தவள் நான். எங்கள் பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியதாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் நேராக நிலையத்துக்கு வரமாட்டார். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். "வந்த பசங்கள டீச்சர் பாத்துப்பாங்க. வராதவங்கதான் நம்ம கேசு" என்பார். தலைமையாசிரியைக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சுகாதாரத் துறைக்காரருக்குக் கல்வித் துறைப் பதிவேட்டில் என்ன வேலை என்று கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதிலை அந்த அம்மாவே பிறகு பல கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஸ்கூலு ஒரு டிபார்ட்மெண்ட்டு, ஆஸ்பத்திரி ஒரு டிபார்ட்மெண்ட்டு, தண்ணி ஒரு டிபார்ட்மெண்ட்டு. ஆனா கொயந்தைக்கு ஒரே ஒடம்புதாங்க."

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் அந்த விஷயம் தொடங்கியது. ஆரணியை ஒட்டிய ஊர் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். ஒரே தெருவிலிருந்து வரும் ஏழு பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. "முகூர்த்த சீசன் சார், தறில ஒக்கார வெச்சிருப்பாங்க" என்றிருக்கிறார் தலைமையாசிரியை. சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். முதல் வீட்டில் ஒரு பிள்ளை பாயில் சுருண்டு படுத்திருந்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் மஞ்சள். மூன்றாவது வீட்டிலும் அதுவே. மத்தியானத்துக்குள் பத்து வீடுகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

கிருமி இருந்தால் கருத்துப்போகும் சின்னப் புட்டிகள் எங்களிடம் உண்டு. நிரப்பி வைத்தேன். மறுநாள் காலை நான் பூட்டைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். பத்தில் ஒன்பது புட்டி கருத்திருந்தது. எந்தெந்த வீட்டுத் தண்ணீர் என்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். அன்றே குழாய்த் தண்ணீரை நிறுத்த வைத்து, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார்.

அதற்குள் ஒரு உயிர் போய்விட்டது. சுமதி என்ற பெண். இருபத்து நாலு வயது, எட்டு மாதக் கர்ப்பிணி, பட்டுத்தறி நெய்பவள். இந்த மஞ்சள் காமாலை மற்றவர்களை மூன்று வாரம் படுக்க வைத்துவிட்டுப் போய்விடும், கர்ப்பிணிகளைத்தான் கொல்லும். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தாள். வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

குழாயைத் தோண்டிப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் குடிநீர்க் குழாய் விரிசல் விட்டு, சாக்கடை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புதிதாக இன்னொரு குழாய் போயிருந்தது. சுற்றியிருந்த மண் மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. பட்டுக்குச் சாயம் போடும் ஒரு பட்டறையின் கழிவுக்குழாய் அது. அதைப் பதிக்கப் பள்ளம் எடுத்தபோதுதான் கீழே இருந்த குழாய் விரிசல் விட்டிருக்கிறது. அந்தப் பட்டறை ஏகாம்பரம் சாருடைய அண்ணன் நடராசனுடையது.

அறிக்கையை என் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினார். நான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"சார், தனியார் சாயப்பட்டறைன்னு எழுதினா போதாதா? பேரு எதுக்கு?"

"அந்தத் தெருவுல நாலு பட்டறை இருக்குது மேடம். பேரு இல்லன்னா எந்தக் குழாய அடைப்பாங்க?"

"அவரு உங்க அண்ணன் சார்."

"ஆமாங்க" என்றார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தத் தாளோடு நேராகப் பட்டறைக்குப் போய், அதிகாரிகளுக்கு அனுப்பும் முன் அண்ணனிடம் படித்துக்காட்டியிருக்கிறார். அங்கே நடந்தது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து நடராசன் நிலையத்துக்கு வந்தது மட்டும் தெரியும். புறநோயாளிகள் வரிசையில் நிற்க, எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஒரே வயித்துல பொறந்துட்டு எழுதிட்ட. இனிமே வூட்டுப் பக்கம் வராத."

"குழாய மாத்திடுண்ணா. நான் வர்றத அப்பறம் பேசிக்கலாம்" என்றார் சார்.

அப்புறம் என்பது வரவே இல்லை. அதுவரை மூன்று வேளையும் அண்ணன் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அந்த வாரமே அறை பார்த்துக்கொண்டு ஆரணிக்குப் போனார், மெஸ்ஸில் சாப்பிடத் தொடங்கினார். நிலையத்தில் நாங்கள் ஒன்றாகச் சாப்பிடும்போது, டிபன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவரவர் வீட்டில் என்ன சமையல் என்று கேட்பார். ஆர்வமாகவே கேட்பார். எங்களுக்குத்தான் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

சில வருடம் கழித்து நடராசன் மகளுக்குக் கல்யாணம். நிலையத்தில் எல்லாருக்கும் பத்திரிகை வந்தது, அவரைத் தவிர. அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டவர் அவர். நாங்களும் போகாமல் இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். "போய்ட்டு வாங்க. நீங்க போவலன்னா பொண்ணு மனசு கஷ்டப்படும்" என்று அவரே அனுப்பி வைத்தார். மறுநாள் நான் வந்ததும் ஆய்வகத்துக்குள் வந்து நின்றார்.

"என்னா கலர் பொடவை மேடம்?"

"அரக்கு சார். பச்சை பார்டர்."

"ஒசரமாயிருக்குமே இப்போ?"

"மாப்ளைக்கு காது வரைக்கும் இருக்கா."

தலையை ஆட்டினார். குளோரின் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். அன்று முழுவதும் நிலையத்துக்குத் திரும்பி வரவில்லை.

அவர் சோகமாகவே இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்தது. வளரும் நாடுகளில் நிலைத்த வளர்ச்சி எப்படி நடக்கிறது என்று எழுத வந்தவர்கள். அவர்களுக்குப் பட்டு நெசவைக் காட்டினார்கள், புதிய கட்டடத்தைக் காட்டினார்கள். மதியம் ஒரு பெண்மணி இவரைப் பார்த்து, நிலைத்த வளர்ச்சி என்றால் உங்கள் பார்வையில் என்ன என்று கேட்டார். இவர் பதில் சொல்லாமல் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். பெண் பிள்ளைகளின் கழிவறைக்குள் நுழைந்து, அங்கே புதிதாகப் போட்டிருந்த குழாயைத் திறந்தார். காற்று வந்தது.

"இதுல தண்ணி வரணும். நாளைக்கும் வரணும், நாம யாரும் பாக்க வராத அன்னைக்கும் வந்துகினு இருக்கணும். அதாங்க எனக்குத் தெரிஞ்சது. தண்ணி இல்லன்னா வயசுக்கு வந்த பொண்ணு மாசத்துல அஞ்சு நாள் லீவு போடுது. அப்பறம் ஒரேயடியா நின்னுடுது. அது படிக்கலன்னா அதோட கொயந்தைக்கு நான்தான் காய்ச்சல் கணக்கு எடுக்கணும்."

உடன் வந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதும் முன் சார், தலைமையாசிரியை, மோட்டார் இயக்குபவர், மின்வாரிய ஊழியர் மூவரையும் ஒரே நாளில் அந்தக் கழிவறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒவ்வொருவரும் மற்ற இருவர்மேல் சொல்லிக்கொண்டிருந்த பழி எதிரெதிரே நின்றதும் எடுபடவில்லை. மறுவாரம் தண்ணீர் வந்தது. அவர் பதில் கடிதத்தில் எழுதிய ஒரே வரி, "குழாயில் தற்போது தண்ணீர் வருகிறது" என்பதுதான். எங்களிடம் காட்டிச் சிரித்தார்.

சுமதியின் மகளை அவர் விடவே இல்லை. அங்கன்வாடியில் எடை போடும் நாளில் போய் நிற்பார். பிறகு பள்ளிக்கூடம். எட்டாவது முடிந்ததும் அவள் அப்பா தறியில் உட்கார வைக்கப் பார்த்தபோது, அந்த வீட்டு வாசலில் நாலு நாள் தொடர்ந்து போய் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. "பேஜாரா போச்சு சார் உங்களோட" என்று அந்த மனிதரே கடைசியில் ஒன்பதாவதில் சேர்த்துவிட்டார். அவள் இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். அந்தத் தெருவுக்குப் புதுக் குழாய் போட அவர் எத்தனை முறை மனு எழுதினார் என்று எனக்கு நினைவில்லை. போட்டார்கள். அதன் பிறகு அந்தத் தெருவில் காமாலை வரவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பல பெயர்கள் இருக்கின்றன, அவர் பெயர் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருவரும் அடுத்தடுத்த வருடங்களில் ஓய்வு பெற்றோம். நான் குடியிருப்பது சேவூரில், அவர் ஆரணியில். டவுன் பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிடம். ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது சொன்னார்: "ஒரு நாள் வூட்டுக்கு வர்றேன் மேடம். மெஸ் காபி குடிச்சி குடிச்சி நாக்கு செத்துப்போச்சு."

"வாங்க சார்" என்றேன். என்றைக்கு என்று சொல்லவில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான், வீட்டில் நான் மட்டும். எதிர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அந்த ஒரு நொடியில் என் மனம் ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். பிறகு எத்தனையோ முறை பார்த்தோம், அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பொங்கலன்று மெஸ் மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெல்லப் பொங்கல் கிளறும்போது ஒவ்வொரு வருடமும் அந்த நினைப்பு வரும். ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

பேருந்திலிருந்து இறங்கி நேரே அவர் அறைக்குப் போனேன். கீழே, வீட்டுக்காரர்களின் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நம் நிலையத்துக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர் அறையை ஒழுங்குபடுத்த நானும் மாடிக்குப் போய் வந்தேன். மதியத்துக்குமேல் ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கொள்ளி வைக்க நடராசனின் மகன் வந்திருந்தான். நடராசனும் ஆட்டோவில் வந்திருந்தார். முட்டி வலியால் சுடுகாடு வரை நடக்க முடியாது என்று அவரை விட்டுவிட்டுப் போனார்கள். காலியான வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவரும் நானும் மிஞ்சினோம்.

"நீங்கதான அந்த லேப்ல இருந்தவங்க?" என்றார்.

"ஆமாங்க."

பிறகு கேட்டார்: "கடைசில யாராவது கூட இருந்தாங்களாம்மா? ஒரு வாய் தண்ணி குடுக்க?"

தூக்கத்திலேயே போய்விட்டார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லாரும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பதில் என் வாயிலும் இருந்தது. உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா அதையே சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"யாரும் இல்லைங்க" என்றேன். "நீங்களும் இல்ல, நானும் இல்ல. ரூமு முழுக்க மருந்துச் சீட்டு கெடக்குது. ஒரு மாசமா நெஞ்சு வலி இருந்திருக்கு. யாருகிட்டயும் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காலைலேர்ந்து எனக்கு யாரும் இத சொல்லலம்மா" என்றார்.

ஏகாம்பரம் சாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். உள்ளதை, அது யாருக்கு வலிக்குமோ அவரிடமே சொல்வது. சொல்லிவிட்டு எழுந்து போய்விடாமல் இருப்பது. அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு அது வரவில்லை.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.