ஏலத்தில் எடுத்த பூனை

என் அப்பா சூசைராஜ் திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தவக்காலத்தில் இறந்தார். இதயம் நின்றுவிட்டது. நான் அவருடைய ஒரே மகள், ஜெஸ்ஸி.

அடக்கத்துக்கு வந்தவர்கள் அவர் குரலைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் பேசினார்கள். எல்லாம் உண்மை. பூனையைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். துக்க வீட்டில் பூனை பேச்சு எதற்கென்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா இறந்த அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாம்பல் வரிப் பூனை மேட்டுப்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்பா அதற்குச் செக்கர் என்று பெயர் வைத்தார். சொல்லாமல் வரும், எல்லாவற்றையும் முகர்ந்து சோதிக்கும், யார் சொல்வதையும் நம்பாது. பஸ்ஸில் ஏறும் டிக்கெட் செக்கர்கள் மேல் அவருக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்தப் பெயரில் தீர்ந்தது.

எங்கள் தெருவில் அதே நிறத்தில், அதே வரியோடு வேறு பூனைகளும் உண்டு. ஒருமுறை செக்கர் தெருமுனைத் தோல் கிட்டங்கியில் மாட்டிக்கொண்டது. திறந்துவிட்டபோது எலும்பும் தோலுமாக வந்தது. கிட்டங்கிக்காரர் அப்பாவிடம், "தெருப்பூனைன்னு நெனச்சேன் அண்ணே, ஒங்களுதுன்னு தெரிஞ்சா பூட்டியிருப்பேனா?" என்றார்.

அந்த ஒரு சொல் அப்பாவைத் தைத்துவிட்டது. அன்றே கோயமுத்தூரில் இருந்த எனக்குப் போன் செய்தார்.

"தெருப்பூனையாம்ல! ஏம்மா, இதுக்கு ஒரு அடையாளம் போடணும். பாத்தவன் நம்ம வீட்டுதுன்னு தெரிஞ்சுக்கணும். நீ இன்ஜினீயர்தான, சொல்லு."

மில்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. மைக்ரோசிப் என்றேன். அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழல். தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது. ரீடரைக் காட்டினால் எண் வரும்.

"அந்த ரீடரு நம்ம கையூம் பாய் கடையில இருக்கா?"

அப்துல் கையூம் எங்கள் தெருவில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். செக்கரின் இரண்டாவது வீடு அதுதான்.

"இல்லப்பா. மாட்டு டாக்டர்கிட்டதான் இருக்கும்."

"அப்ப பூனையக் கண்டவன் டாக்டரைத் தேடிப் போகணும். எவன் போவான்?"

க்யூ.ஆர். பட்டை போடலாம் என்றேன்.

"அதுக்கு ஒரு போன் வேணும், நெட்டு வேணும். அம்புட்டுக்கும் மேல பூனை அசையாம நிக்கணும்."

மணி கட்டலாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சத்தம் போட்டுக்கிட்டு வந்தா அது என்னம்மா செக்கரு?"

அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தபோது அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். செக்கரின் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் அந்தோணியார் உருவம் பொறித்த சின்னப் பதக்கம், எங்கள் பேச்சில் சுரூபம். தொலைந்ததைத் தேடித் தரும் புனிதர் என்று எங்கள் ஆட்கள் கும்பிடுவது அவரைத்தான். ஒரு சாவி காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும் என்று மட்டும் சொன்னேன். உடனே கழற்றி, இழுத்தால் விட்டுக்கொடுக்கும் எலாஸ்டிக்கில் சுரூபத்தைக் கோத்துத் திரும்பப் போட்டார். காரணம் சொன்னால் அப்பா கேட்பார். காரணம் இல்லாமல் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஜூன் மாதம் செக்கர் காணாமல் போனது. கிட்டங்கி, கறிக்கடை, ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று அப்பா தேடாத இடமில்லை. நான் லீவு போட்டு வந்து கூடத் தேடினேன். தேடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் கையூம் பாயிடமிருந்து போன் வந்தது. எரியோடு போகும் வழியில் ஒரு சிறிய அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் பிரியாணி கொண்டுபோயிருந்தார்.

"சூசை அண்ணே, சீக்கிரம் வாங்க. ஒங்க செக்கரை இங்க ஏலம் விடப் போறாய்ங்க!"

நடந்தது பிறகு தெரிந்தது. எங்கள் தெருவிலிருந்து பந்தல் சாமான் ஏற்றிப்போன வண்டியில், துணி மூட்டைக்குள் செக்கர் தூங்கியிருக்கிறது. கோயிலில் மூட்டையைப் பிரித்தவர்கள் சுரூபத்தைப் பார்த்தார்கள். கோயில் வாசலில், கழுத்தில் அந்தோணியார் சுரூபத்தோடு நிற்கும் உயிருக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: யாரோ நேர்ந்து விட்டது. ஆடும் கோழியும் அப்படித்தான் வரும். நேர்ந்தவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. திருவிழா முடிவில் ஏலம் விட்டுக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். பூனை புதிது. ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதான்.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அப்பா பின்னால் உட்கார்ந்து வந்தார்.

நாங்கள் போனபோது பஞ்சாரத்துக்குள் கோழிக்குப் பதிலாகச் செக்கர் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மைக்கோடு ஏலம் விடுபவர் சிலுவைமுத்து. அரிசி மண்டி வைத்திருக்கும் பெரியகருப்பன் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டியில் எலித் தொல்லை. அந்தோணியாரே அனுப்பிய பூனை என்று அவர் நம்பினார்.

"நிறுத்துங்கப்பா," என்றார் அப்பா. மைக்கை மீறிக் கேட்டது. "அது என் பூனை."

"நேர்ந்துவிட்டுட்டு இப்ப மனசு மாறிட்டியா அண்ணே?" என்றார் சிலுவைமுத்து.

"நேரல. தொலஞ்சா தேடித் தரட்டும்னு போட்டேன்."

"தேடித் தந்துட்டாருல்ல, தன் வீட்டுக்கே கூட்டிக்கிட்டாரு," என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

பெரியகருப்பன் மரியாதையாகத்தான் கேட்டார். "பிரியாணிக் கடை பாயும் சொன்னாரு. ஆனா இந்த நெறத்துல எங்க தெருவுலயே பூனை கெடக்கு. ஒங்களுதுன்னு எப்படி நம்புறது?"

அப்பா இரண்டு விரலை வாயில் வைத்து, பஸ் கிளம்பும்போது கொடுக்கும் டபுள் விசில் அடித்தார். சாப்பாட்டுக்கு அவர் அப்படித்தான் கூப்பிடுவார். செக்கர் கொட்டாவி விட்டது. மறுபடி சிரிப்பு. அப்பாவின் காது சிவந்துபோனது.

நான் அவர் கையைப் பிடித்தேன். "அப்பா, நாமளும் கேப்போம். ஏலத்துலயே எடுத்துருவோம்."

"எடுத்தா, இன்னைலேர்ந்துதான் அது என்னுது. நேத்து வரைக்கும் தெருப்பூனைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் தாயி."

சிலுவைமுத்து ஒருதரம் என்றார். அப்பா பூனையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டுதரம் என்றபோது கையைத் தூக்கினார்.

"நான் கேக்குறேன். பிள்ளை ஏலமாக் கேக்குறேன்."

சிலுவைமுத்து மைக்கை இறக்கினார்.

நோய்ப்பட்ட குழந்தையை அந்தோணியார் காலடியில் போட்டு, அவருக்கே கொடுத்துவிட்டு, ஏலத்தில் பெற்றவர்களே திரும்ப எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுதான் பிள்ளை ஏலம். அதில் பெற்றவரின் குரல் கேட்ட பிறகு வேறு யாரும் கேட்கமாட்டார்கள். ஏலத்தில் எடுத்ததால் குழந்தை அன்றிலிருந்துதான் அவர்களுடையது என்று யாரும் நினைப்பதும் இல்லை. மூச்சிரைப்பு வந்து நான் பிழைக்கமாட்டேன் என்றிருந்தபோது என்னையும் அப்படி எடுத்திருக்கிறார்கள்.

"இவளையே ஏலத்துல எடுத்தவன் நான்," என்று அப்பா என்னைக் காட்டினார். "இந்தா நிக்கிறா, இன்ஜினீயரு. கோழிய எடுக்கிற மாதிரி எடுக்க மாட்டேன். பிள்ளைய எடுக்கிற மாதிரி எடுக்கிறேன். எதுத்துக் கேக்குறவுக கேளுங்க."

எல்லோரும் பெரியகருப்பனைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை ஏலத்துல நான் குறுக்க வரலப்பா. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? காதுகுத்துக்கு மட்டும் மறக்காமச் சொல்லிவிடுங்க, மொய் எழுதிருவோம்."

சிலுவைமுத்து மூன்றுதரம் என்றார். அப்பா காணிக்கையைப் போட்டுவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினார். செக்கர் வெளியே வந்து அவரை முகர்ந்து பார்த்தது. பிறகு சுரூபம் ஆட ஆட, கையூம் பாயின் பிரியாணி அண்டாவை நோக்கி நடந்தது. அப்பா அன்று நடந்த நடையை நான் பார்த்தேன். முழு பஸ்ஸுக்கும் டிக்கெட் போட்டு முடித்த கண்டக்டரின் நடை அது.

ஊருக்குத் திரும்பியதும் அவரே பேச்சை எடுத்தார். "சுரூபத்தைப் பாத்தா கோயிலுக்குக் கொண்டு போறாய்ங்க. நம்பரைப் பாத்தா போன் அடிப்பாய்ங்க. பட்டையில நம்பரு போடுவோம். பட்டை அறுந்தா ஒன் அரிசி மணி இருக்கட்டும்."

மாட்டு டாக்டரிடம் போனோம். சிப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செக்கர் டாக்டரைக் கீறியது. உரிமையாளர் பெயரும் போன் நம்பரும் கேட்டார்கள்.

"ஜெஸ்ஸின்னு போடுங்க. நம்பரும் அவளுதே," என்றார் அப்பா.

"பூனை உங்களுதுப்பா. இம்புட்டுச் சண்டை போட்டு எடுத்துட்டு என் பேரைச் சொல்றீங்க?"

முந்தைய ஆண்டுதான் அவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தது. சட்டைப் பையை, அதற்குக் கீழிருந்த நெஞ்சை, விரலால் தட்டினார்.

"அடிக்கிற போனை எடுக்க ஆளு இருக்கணும்ல. எனக்கு எந்த ஸ்டாப்புன்னு டாக்டருக்கே தெரியல."

அதனால் அவர் இறந்தபோது நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது திண்டுக்கல் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். போன் வரும்போதெல்லாம் எடுக்கிறேன். நேற்று ஒரு மீன்கடைக்காரர் பேசினார்.

"ஏங்க, ஒரு பூனை கடைக்கு முன்னால உக்காந்து எந்திரிக்க மாட்டேங்குது. கழுத்துல இந்த நம்பரு இருக்கு. ஒங்களுதா?"

"எங்களுதுதாங்க. மேட்டுப்பட்டி சூசைராஜ் கண்டக்டர் வீடு."

"அட, பிள்ளை ஏலத்துல எடுத்தாரே, அந்தப் பூனையா? ஏலே, அதை வெரட்டாதடா! நல்ல துண்டாப் பாத்து வையி."