நசீமா அம்மாவின் குளத்தில் தண்ணீர் நின்ற இடம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அப்பாவுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றையும் விடப் போவதில்லை.

செவ்வாய் மாலை கேட்டருகே போன் பேசிவிட்டு அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நசீமா அம்மா போய்ட்டாங்களாம். வேலூர் ஆஸ்பத்திரியில" என்றார்.

நீங்கள் நசீமா அம்மாவை ஆம்பூர்த் தோல் வியாபாரியின் மனைவியாக அறிவீர்கள். காவலாளியின் மகளான நான் அவரை நீச்சல் குளத்தின் ஓரத்தில் அறிந்தேன். பிள்ளைகளுக்காகக் கட்டிய குளம் அது. அவர்கள் வெளிநாடு போனபின், நீந்தத் தெரியாத அவர் மாலையில் குளத்துக்குள்ளிருக்கும் விளக்கைப் போட்டுப் படியில் காலை நனைத்து உட்கார்ந்திருப்பார். "வெளிச்சம் இருந்தா வீட்ல ஆள் ஜாஸ்தி இருக்கிற மாதிரி தோணுது பாப்பா" என்பார்.

போன கோடையில் மாடித் தொட்டி அடிக்கடி காலியானது. மகன் போன் ஸ்பீக்கரில் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "வாட்ச்மேன் தண்ணிய விக்கிறான்மா. ஆள மாத்து." வேலை போனால், தோட்டத்து மூலையில் நாங்கள் குடியிருந்த அறையும் போய்விடும்.

அம்மா ஆளை மாற்றவில்லை. குளத்தின் நீர்மட்டத்தில், டைல்ஸ்மேல் என்னைப் பென்சில் கோடு போடச் சொன்னார். மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது.

"இது குளமா, கிணறா? தானா ஊறுதே" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. விடியுமுன் அப்பா மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டுக் குளத்தை நிரப்பியதைப் பார்த்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

"கம்மியானா என் மேலதான் பழி வரும்னு பயந்துட்டேங்கம்மா" என்றார் அப்பா.

"இன்னா குமாரு நீ, ரொப்பிக்கினே இருந்தா ஓட்டை எப்படித் தெரியும்? இனி ஒரு சொட்டு ஊத்தாத. தண்ணி எங்க நிக்குதோ அங்கதான் ஓட்டை. திருடன் ஒரே கோட்டுல நிக்க மாட்டான்."

குளத்து மோட்டாரையும் விளக்கையும் நிறுத்தினோம். தினம் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். அந்த மாலைகளில் அவர் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் தண்ணீர் விளக்கின் விளிம்பில் நின்றது. ஐந்தாம் நாளும் அங்கேயே.

ஒரு சாண் நிரப்பிவிட்டு, அம்மா என் மைப்புட்டியோடு கரையில் குப்புறப் படுத்தார். "காலப் புடி. இல்லாட்டி மையோட நானும் போய்டுவேன்." அவர் விட்ட மை கலையாமல் நூலாக நீண்டு விளக்குச் சட்டத்தின் இடுக்கில் நுழைந்தது.

அப்பாவை அருகில் நிறுத்திக்கொண்டு மகனுக்குப் போன் செய்தார். "திருடன் கெடச்சுட்டான்டா. விளக்குக்குப் பின்னால இருந்தான்."

தேதிகளை நான் நோட்டில் எழுதி வைக்கவில்லை. ஓட்டையை அடைத்தபோது பெயர்த்த டைல்ஸோடு கோடுகளும் போயின. அவருடைய கணுக்கால்களைப் பிடித்திருந்த கனம் மட்டும் என் கைகளில் இருக்கிறது.

நேற்று மகன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் சொன்னபடி அப்பா வெளி விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார். குளத்து விளக்கைக் கடைசியாக.