பக்கத்து வீட்டில் இருந்த கவாத்துக் கத்தி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது திராட்சைக் கொடியின் வெட்டுவாயில் தொங்கிய நீர்த்துளி. அது விழுந்தது, அதே இடத்தில் அடுத்த துளி ஊறியது. பந்தலில் வெட்டிய நுனிகள் எல்லாமே சொட்டிக்கொண்டிருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மலாயாவில், சிகாமட் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். என் கணவருக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை. எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இரண்டு முறையும் விடியற்காலையில் கண்ட ஒரு துளியில்தான் தொடங்கியது.

மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் மரம் செடி வெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். முந்தைய தடவைகளில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்தத் தடவை கவாத்துக் கத்தியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டேன். அவரும் தாடி வளர்த்தார்.

கொடிக்கு இதெல்லாம் தெரியாது. ஜொகூரின் ஈரத்தில் திராட்சை தானாக இலை உதிர்ப்பதில்லை. நுனியை வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டால்தான் தண்டிலுள்ள தளிர்க்கண்கள் ஒன்றாக விழித்துப் பூக்கும். பெருமழைக்கு முன் பூத்தாக வேண்டும். அதனால் அந்தக் காலைக்கு முதல் நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரர் கத்தியோடு வந்தார். தண்டவாளம் பழுது பார்ப்பவர். கிறிஸ்தவ வேதக்காரர் என்பதால் அவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உத்தரவு போட்டார்.

"அங்க இல்ல. இன்னும் ஒரு கண்ணு தள்ளி."

"ஏண்ணே, கத்தி எங்கிட்ட, வாய் மட்டும் உங்ககிட்டயா? தாடியோட நிக்கிறதப் பாத்தா சாமியாரு கவாத்துக்கு வந்த மாதிரி இருக்கு லா."

அப்போது நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் சிரிக்க முடியவில்லை.

"சொட்டுதே," என்றேன் கணவரிடம்.

"வேரு உசுரோட இருக்கு, அதான். ரெண்டு நாள்ல நின்னுரும்."

நின்றது. அதுவரை நான் பந்தல் பக்கம் போகவில்லை.

அடுத்த வாரம் நுனிக் கண்கள் மட்டும் வெடித்தன. நடுவில் இருந்தவை பழுப்பாகவே கிடந்தன. இப்படியே விட்டால் நுனியே சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், இன்னும் குறைக்க வேண்டும் என்றார் என் கணவர். பக்கத்து வீட்டுக்காரர் வேலையாகக் கெமாஸ் போயிருந்தார். என் கணவர் அந்த வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டத்தான் கூடாது. வளைச்சாலும் சத்து நடுவுக்கு வரும். வளைக்கலாமில்ல?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை. "மெதுவா வளைங்க," என்றேன்.

நுனி கீழே பார்க்கும்படி ஒவ்வொரு கொடியையும் வில்போல வளைத்து வாழைநாரால் கட்டினார். கடைசிக் கொடியில் படக்கென்று சத்தம் கேட்டது. அது ஒடிந்து, பட்டையில் மட்டும் தொங்கியது.

"நான் வெட்டலம்மா. தானா ஒடிஞ்சிருச்சு."

என் கை வயிற்றில் இருந்தது. அன்று முழுவதும் பாயில் ஒருக்களித்துக் கிடந்தேன். எழுந்த ஒவ்வொரு முறையும் புடவையைப் பார்த்தேன். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் அவர் ஓடி வந்து, "ஒண்ணுமில்லயே?" என்று கேட்டுவிட்டு ஓடினார்.

ஒன்றுமில்லை. வளைத்த கொடிகளில் நடுக்கண்கள் சில நாளில் வரிசையாக வெடித்தன. தளிரோடு பூங்கொத்தும் வந்தது. கெமாஸிலிருந்து திரும்பியவர் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"அலமாக், செத்த கொடிய ஏன் தொங்க விட்டிருக்கீங்க? அறுத்துப் போடவா?"

"வேணாம் தம்பி. தொடாதீங்க," என்றேன்.

அவர் தொடவில்லை. யாரும் தொடவில்லை. பழம் பழுத்தது. அதன் ருசி எனக்கு நினைவில்லை. காற்றடிக்கும்போது அந்தக் காய்ந்த கொடி பந்தல் கம்பியில் உரசும் சத்தம் நினைவிருக்கிறது. படுத்தால் அது கேட்கும்.

மகள் பிறந்து தீட்டுக் கழிந்த அன்று, அவர் முகம் மழித்துக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து கத்தியை வாங்கி வந்து அந்தக் கொடியை அறுத்தார்.