வுல்ஃப்மர் படுத்திருக்கும் இடம்

லெவிவா தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டதே இல்லை. அவள் கணவன் வுல்ஃப்மர் பழைய ராஜாவுக்காகத் தெற்கே சண்டைக்குப் போனவன். போனவன் போனவன்தான், பிணமும் வரவில்லை. சிறுவயதில் குதிரை உதைத்து அவனுக்கு இடது காது செவிடு. அதனால் அவள் எப்போதும் அவனுக்கு வலப்பக்கம்தான் படுப்பாள். அவன் போன பிறகும் படுக்கையில் அவள் இடம் மாறவில்லை.

மூன்றாம் வருஷம் மில் ஓடையில் ஒரு பிணம் ஒதுங்கியது. கழுத்தில் கத்திக்குத்து. முகத்தைப் பன்றிகள் தின்றிருந்தாலும் பிடரியை வழித்திருந்தது தெரிந்தது. கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த நார்மன்கள்தான் அப்படி வழிப்பார்கள். ஐயமே இல்லை, நார்மன்தான். நார்மன் ஒருவன் கொலையுண்டு, கொன்றவன் அகப்படாவிட்டால், சுற்றுவட்டாரமே தண்டம் கட்டி ஓட்டாண்டியாக வேண்டும் என்பது புது ராஜாவின் சட்டம். யார் பிணம் கிடந்தாலும் நார்மன் என்றே கணக்கு; செத்தவன் இங்கிலீஷ்காரன் என்று சொந்தக்காரர் சத்தியம் செய்தால் மட்டும் விட்டுவிடுவார்கள். நம் ஆள் செத்தால் கேட்க நாதி ஏது?

ஊர் மணியக்காரர் டோக்கி முதல் வேலையாக, நார்மன் என்று தெரியாதபடி பிணத்தின் மிச்ச முடியையும் சிரைத்தார். பிறகு லெவிவா வீட்டுக்கு வந்தார்.

"இது உன் வுல்ஃப்மர்னு சொல்லிரு தாயி."

"எம் புருஷன் உசுரோட இருக்காரு."

"இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டானா? வந்தா வரட்டும், பாத்துக்கலாம். இப்ப தண்டம் விழுந்தா உம் மக எதைத் தின்னுவா? அதைச் சொல்லு."

மறுநாள் நார்மன் அதிகாரி குதிரையில் வந்து தன் பாஷையில் ஏதோ கேட்டான். துபாஷி சொன்னான்: "மூஞ்சியே இல்ல. புருஷன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

லெவிவா சத்தியத்துக்காகப் புனிதரின் எலும்புப் பெட்டியில் கைவைத்தாள். "கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா?"

துபாஷி அதைப் பெயர்த்ததும் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தான். ஊர் பிழைத்தது.

அந்நியனை மாதா கோயில் யூ மரத்தடியில் வுல்ஃப்மர் என்று புதைத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. வாசலில் யாரோ ஈரக்காலோடு நிற்பது போலிருக்கும். கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. "போப்பா, உங்க அம்மா அங்க தேடிக்கிட்டிருப்பா" என்பாள். பெற்றவள் கடலுக்கு அப்பால் காத்திருக்க, மகனை இங்கே வேறு பெயரில் மூடி வைத்துவிட்டோமே என்று வயிறு எரியும்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வுல்ஃப்மர் என்று பெயர் வைக்கச் சொன்னாள்.

"அந்தப் பேரை வெச்சா பன்னி மேய்க்கத்தான் லாயக்கு" என்றான் மருமகன். ராபர்ட் என்று வைத்தார்கள். அப்போது ஊரில் அம்மாதிரி நார்மன் பெயர்களுக்குத்தான் மவுசு. வுல்ஃப்மர் என்ற பெயர் மண்ணுக்கடியில் கிடந்த அந்த நார்மனோடு நின்றுபோனது.

பேரன் நடை பழகிய பனிக்காலத்தில் காட்டோரம் இன்னொரு பிணம் கிடைத்தது. முதுகில் அம்பு. மார்பு வரை நரைத்த தாடி. லெவிவா முகத்தைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. இடுப்பில் இருந்த கச்சை அவள் கையால் நெய்தது. இத்தனை வருஷம் எங்கே கிடந்தானோ, எந்தக் காட்டில் ஒளிந்தானோ, வீட்டைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தான்.

குனியப் போனவளின் தோளை டோக்கி இறுக்கிப் பிடித்தார்.

"லெவிவா, உம் புருஷன் யூ மரத்தடியில இருக்கான். பொய்ச் சத்தியம்னு தெரிஞ்சா நம்மள ஒருத்தரையும் விட மாட்டானுங்க."

டோக்கியின் மனைவி குன்னில்டு பிணத்தைத் தன் தம்பி ஓஸ்பெர்ன் என்று சத்தியம் செய்தாள். அதே அதிகாரி. அவன் லெவிவாவை மறக்கவில்லை. அவளைக் காட்டி ஏதோ கேட்டான்.

"உனக்கு இவனைத் தெரியுமான்னு கேக்குறாரு" என்றான் துபாஷி.

"குன்னில்டு தம்பி. எப்பவோ பாத்தது."

சொல்லிவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

குன்னில்டு பிணத்தின் இடப்பக்கம் மண்டியிட்டு, "தம்பி, ஓஸ்பெர்னே, என்னை விட்டுப் போயிட்டியே" என்று ஊரே கேட்க ஒப்பாரி வைத்தாள். அதிகாரி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். லெவிவா அவளுக்கு ஆறுதல் சொல்பவள் போலக் குனிந்து, காதோடு சொன்னாள்:

"குன்னில்டு, அந்தப் பக்கமா போயி அழு. அவருக்கு இந்தக் காது கேக்காது."