பிலோமினா அக்காவின் மூன்று ரொட்டவேட்டர்கள்

நம் டீலர்கள் சங்கத்தின் வாட்ஸப்பில்தான் செய்தி வந்தது. 'பிலோமினா மேடம் காலமானார்.' அப்போது ஒரு விவசாயிக்கு மருந்தடிக்கும் மெஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். முழுதும் காட்டி முடித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

சிதம்பரத்தில் அக்கா கடையும் என் கடையும் ஒரே ரோட்டில்தான். அவரிடம் டிராக்டர் டீலர்ஷிப் இருந்தது. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரையும் தங்களுடையதையே விற்க வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. அக்கா கேட்டால்தானே! வேறு கம்பெனியுடையதையும் வைத்திருந்தார். வாங்க வரும் விவசாயியிடம், "உங்களுது களிமண்ணு மாமா, எங்க கம்பெனிது சிக்கிக்கும். அந்தாண்ட நிக்குதே, அத எடுத்துக்குங்க" என்பார். நான் கிண்டல் செய்தால், "சேத்துல மாட்டிக்கிட்டா கம்பெனிக்கா போன் போடுவாரு? எனக்குத்தான் போடுவாரு" என்பார்.

கம்பெனி அதிகாரி வரும் நாளில் அந்த மற்ற ரொட்டவேட்டர்கள் என் ஷெட்டுக்கு வந்துவிடும். நம் தொழிலில் இது புதிதில்லை, உங்களுக்கே தெரியும். ஒருமுறை அதிகாரி நேராக என் ஷெட்டுக்குள் வந்துவிட்டார். மூன்று நின்றன. "யாருது?" என்றார். என்னுடையது என்றிருக்கலாம். "அக்காவுது சார்" என்றேன். வாய் தவறிவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த டீலர்ஷிப்புக்கு நான் இரண்டு முறை மனுப் போட்டிருந்தேன்.

அக்காவிடமிருந்து பறித்து எனக்கே கொடுத்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றீர்கள். தள்ளிவிட்டவன் நான் என்று சொல்லவில்லை. அக்கா முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு போனேன். "உனக்கு வந்ததே நல்லதுடா. எங்கிட்ட வண்டி வாங்குனவங்கள அலையவுடாத" என்றார். அதன்பின் ரொட்டவேட்டர் மட்டும் விற்றார். டிராக்டர் கேட்டு வந்தவர்களைத் தானே கூட்டிவந்து என் கடையில் விட்டுப் போவார்.

கடலூரில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் அவர் கணவர் என் கையைப் பிடித்தார். "நீதான் சொன்னன்னு அவளுக்கு அன்னிக்கே தெரியும்பா. அந்த ஆபீசரே சொல்லிட்டாரு. நாங் கேக்கறேன்னேன். வேணாம், கேட்டா அவன் நம்ம கடைப்பக்கமே வரமாட்டான்னுட்டா."

நான் தலையாட்டினேன். பிடி மண் போட்டேன். மண் கையில் பட்டதுகூடத் தெரியவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு அவர் நினைவாக ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அவருடைய டீலர்ஷிப்தான் இருக்கிறது.